சீசரின் பின்னங்கால்களும் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவும்

கேள்வி: எங்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டு சீசருக்குப் பதினொன்றரை வயதாகிறது. எடை 38 கிலோ. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டுகளும் தேய்ந்திருப்பதாகச் சொன்னார்கள். கடந்த ஆறு மாதமாகப் பின்னங்கால்கள் தளர்ந்து, டைல்ஸ் தரையில் எழ முயன்று வழுக்கி விழுகிறான். இரவில் மூச்சிரைத்துக்கொண்டு இடம் மாற்றி மாற்றிப் படுக்கிறான். சில நாள்களில் படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. சாப்பாடு மட்டும் குறையவில்லை. வலி மாத்திரையை ஐந்து நாள் கொடுத்துவிட்டு, சிறுநீரகம் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதால் நிறுத்திவிட்டோம். ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறான் என் தம்பி. அது பாவம், ஆயுள் முடியும்வரை வைத்துப் பார்ப்பதுதான் முறை என்கிறார் மாமனார். கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் பிறந்ததிலிருந்தே சீசரோடு வளர்ந்தவள். நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சீசரின் வாழ்க்கை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த வாரமே முடித்துவிட வேண்டிய நிலை அது என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தே நாள் வலி மருந்து பெற்ற ஒரு நாயின் வலியைத் தீராத வலி என்று தீர்மானிக்க முடியாது. எனவே முதலில் நோய் இன்னதென்று உறுதிசெய்துகொண்டு, வலியை முழுமையாக அடக்கிப் பார்க்க மூன்று வாரம் கொடுங்கள். அந்த மூன்று வாரத்துக்குள்ளேயே, எந்த நிலை வந்தால் இனி அவனைப் பிடித்து வைக்கமாட்டோம் என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் கூடிப் பேசி, ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

ஹிப் டிஸ்பிளேசியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் குறை பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்குவது. ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், ராட்வீலர், செயின்ட் பெர்னார்டு போன்ற பெரிய இனங்களில் இது அதிகம். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் இறுக்கமாக உட்கார்ந்து உருள வேண்டும். இந்த நாய்களுக்குக் குட்டிப் பருவத்திலேயே அந்தப் பிடிப்பு தளர்ந்து, குழி ஆழமில்லாமல் வளர்ந்துவிடுகிறது. ஆட்டுக்கல்லில் பொருந்தாத குழவியை ஆண்டுக்கணக்கில் சுற்றினால் இரண்டுமே தேய்வதைப் போல, குருத்தெலும்பு தேய்ந்து, ஓரங்களில் புதிய எலும்பு முளைத்து, மூட்டு நாளடைவில் இறுகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தின் அளவும் நாய் உணரும் வலியின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், நான்கு ஆண்டுக்கு முந்தைய அந்தப் படத்தை வைத்து இன்று எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

இந்த நோயின் கொடுமை என்னவென்றால், அது நாயைக் கொல்வதில்லை. புற்றுநோயோ சிறுநீரகச் செயலிழப்போ வந்த நாய்க்கு உடலே ஒரு கட்டத்தில் முடிவைக் கொண்டுவந்துவிடும். இடுப்பு போன நாய்க்கு இதயமும் நுரையீரலும் குடலும் நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கும். எழுந்து நடக்க மட்டும் முடியாது. அப்படிப்பட்ட நாயின் ஆயுள் தானாக முடியட்டும் என்று விட்டால், அது முடியும் விதத்தை உங்கள் மாமனார் ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது. 38 கிலோ உடம்பு ஒரே பக்கமாகக் கிடக்கும்போது இடுப்பெலும்பு துருத்தும் இடத்திலும் முழங்கையிலும் தோல் முதலில் சிவந்து, பிறகு கறுத்து, வெடித்துப் படுக்கைப்புண்ணாகும். சிறுநீரில் நனைந்த வால் அடி மயிரில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மேலே மயிர் மூடியிருப்பதால், நாற்றம் வரும்வரை வீட்டாருக்குத் தெரியாது. புழுப்புண்ணோடு கொண்டுவரப்படும் முதிய பெரிய நாய்களில் பலவற்றை, அன்போடு வளர்த்து, மனம் வராமல் நாள் கடத்திய குடும்பங்களே கொண்டுவருகின்றன. இந்த நோயில் முடிவெடுக்கும் பொறுப்பு மனிதர்மேல் வந்து விழுவதற்குக் காரணம் இதுதான். உங்கள் மனம் கல்லாகிவிட்டதால் அன்று.

இனி நோயை உறுதிசெய்வது பற்றிச் சொல்கிறேன். பின்னங்கால் தளர்ந்த எல்லா ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மட்டுமே காரணமாக இருக்காது. இந்த இனத்தில், எட்டு வயதுக்கு மேல், தண்டுவடம் மெல்ல மெல்லச் சிதைகிற ஒரு நரம்பு நோய் வருவதுண்டு. அதில் வலி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. வீட்டிலேயே நீங்கள் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம்: ஒருவர் சீசரின் வயிற்றைத் தாங்கி நிற்க வைத்துக்கொள்ள, மற்றவர் அவன் பின்னங்கால் பாதத்தை மடக்கி, மேற்புறம் தரையில் படும்படி வைக்க வேண்டும். நரம்பு நன்றாக இருக்கும் நாய் உடனே பாதத்தைத் திருப்பி நேராக ஊன்றிக்கொள்ளும். திருப்பாமல் அப்படியே நின்றாலோ, நடக்கும்போது நகத்தின் மேற்புறம் தரையில் உரசித் தேய்ந்திருந்தாலோ, மூட்டைவிட நரம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் இடையே நரம்பு நசுங்குவதும் இந்த இனத்தில் உண்டு. அதில் வலி கடுமையாக இருக்கும், சிறுநீர்க் கட்டுப்பாடும் போகும். முழங்கால் தசைநார் அறுந்திருந்தாலும் இடுப்பு நோயைப் போலவே தோன்றும். இவற்றோடு, நம் ஊரில் மறக்கக் கூடாதது உண்ணிக் காய்ச்சல். அது மூட்டுகளில் வீக்கத்தையும் கடும் சோர்வையும் உண்டாக்கும், இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், பெரும்பாலும் மாத்திரையிலேயே கட்டுப்படும். கிழ நாய்தானே என்று இந்த ஒரு பரிசோதனையைச் செய்யாமல் விடுவது சரியல்ல.

சிறுநீர் விஷயத்தையும் கூர்ந்து பாருங்கள். எழ முயன்று, முடியாமல், முகம் வாடி அங்கேயே போய்விடுகிறான் என்றால் அது மூட்டின் கோளாறு. வலி குறைந்தால் அதுவும் குறையலாம். தூங்கும்போது தனக்கே தெரியாமல் ஒழுகுகிறது என்றால் நரம்போ சிறுநீர்ப்பைத் தொற்றோ காரணமாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை மருத்துவரைவிட நீங்கள்தான் நன்றாகக் கவனிக்க முடியும். உங்களுக்கு எட்டும் தொலைவில் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. இவ்வளவு பெரிய நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைவது அவனுக்கே வேதனை என்பதால், முதலில் உள்ளூர் மருத்துவரிடம் காட்டி, அவர் தேவை என்று சொன்னால் மட்டும் அங்கே கொண்டுபோங்கள். கிளம்புவதற்கு முன், காலையில் சீசர் எழுந்து நடக்கிற காட்சியைக் கைபேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்துப் பதற்றத்தில் நாய்கள் நொண்டுவதையே மறைத்துவிடும்.

வலி மருந்தை நீங்கள் பயந்து நிறுத்தியது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தை நிறுத்துவது விடையாகாது, இரத்தத்தைச் சோதித்துக்கொள்வதே விடை. மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகளைத் தொடங்கும் முன் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, மருத்துவர் எடைக்கேற்பச் சொல்லும் அளவில், சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால், வயதான நாய்களில் பலவும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. வாந்தி வந்தாலோ, மலம் கறுப்பாகத் தார் நிறத்தில் போனாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். இந்த வகையில் இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கொடுக்கவே கூடாது. ஸ்டீராய்டோடும் சேர்க்கக் கூடாது. மருந்துக்கடையில் நமக்காக வாங்கி வைத்திருக்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாத்திரைகள் நாயின் குடலில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். அரைத் துண்டுதானே என்றுகூடக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மருந்து போதாமல் போனால், நரம்பு வலியைத் தணிக்கும் கபாபென்டினை மருத்துவர் கூடுதலாகச் சேர்ப்பார். நாள்பட்ட மூட்டு வலி மருந்துக்கு அடங்குகிறதா என்று அறிய இரண்டு வாரமாவது வேண்டும். ஐந்து நாள் போதாது.

மருந்துக்கு நிகராக உதவுவது தரை. வழுக்குகிற டைல்ஸில் ஒவ்வொரு முறை எழும்போதும் பின்னங்கால்கள் பக்கவாட்டில் விலகி, கெட்டுப்போன மூட்டு மேலும் முறுக்கப்படுகிறது. அவன் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரையும், அங்கிருந்து வாசல் வரையும் ரப்பர் விரிப்பு போட்டுவிடுங்கள். நகங்களை வெட்டி, பாத மெத்தைகளுக்கு இடையே வளர்ந்த மயிரையும் கத்தரித்துவிட்டால் பிடிமானம் கூடும். கனமான நுரை மெத்தைக்கு ரெக்சின் உறை போட்டு, அதன்மேல் பழைய வேட்டியை விரித்து, நனைந்தால் மாற்றிக்கொண்டே இருங்கள். எழுப்பும்போது வயிற்றுக்கு அடியில் நீண்ட துண்டைக் கொடுத்துத் தூக்கலாம். ஆண் நாய் என்பதால் சிறுநீர் வரும் இடம் நசுங்காமல், துண்டு தொடையை ஒட்டியபடி இருக்கட்டும். எடையைப் பொறுத்தவரை, விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படுகின்றனவா என்று தடவிப் பாருங்கள். 48 லாப்ரடார்களை இரு பிரிவாக்கி வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், கால் பங்கு குறைவாக உண்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஆனால் அது குட்டிப் பருவத்திலிருந்து தொடங்க வேண்டியது. சீசரின் சோற்றைக் கொஞ்சம் குறைத்தால் போதும், கடைசிக் காலத்தில் அவனுக்குப் பிடித்ததைப் பறித்துக் கடும் பத்தியம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வயதில் செயற்கை மூட்டு அறுவைச் சிகிச்சையையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சாப்பாடு குறையவில்லை என்பதை ஒரு நல்ல அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். மூட்டு வலியால் அவதிப்படும் நாய்களில் பலவும் கடைசி நாள்வரை தட்டைக் காலிசெய்யும். பசி இருப்பது வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது. இரவைத்தான் பார்க்க வேண்டும். வெப்பம் தணிந்த பிறகும் மூச்சிரைப்பது, படுத்தவன் சில நிமிடங்களில் மீண்டும் எழ முயல்வது, பின்புறம் தொட்டால் சட்டென்று திரும்பி உறுமுவது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, உங்கள் மகள் பள்ளியிலிருந்து வரும்போது வாலை ஆட்டினாலும் தலையை மட்டும் தூக்கிவிட்டுக் கிடப்பது – இவையெல்லாம் வலியின் பேச்சு. நாய்கள் வலியில் கத்துவது அரிது. கத்தவில்லை என்பதால் வலியில்லை என்று கொள்ள வேண்டாம்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஓர் அளவுகோல் உண்டு. வலி, பசி, நீர் அருந்துதல், உடல் சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் வாழ்க்கை ஏற்கத் தக்கதாக இருக்கிறது என்று கொள்வார்கள். நான் எண்ணிக்கையைவிட அது போகும் திசைக்கே அதிக மதிப்புத் தருவேன். வாரத்துக்கொருமுறை நீங்களும் மாமனாரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். வாதம் செய்து தீராத விஷயம் அங்கே பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதோடு, நாள்காட்டியில் ஒவ்வொரு இரவும் அன்றைய நாள் அவனுக்கு நல்ல நாளா, கெட்ட நாளா என்று மட்டும் குறித்து வாருங்கள். தினமும் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குச் சரிவு தெரியாது; தாளில் பார்த்தால் தெரியும்.

எழுதி வைக்கச் சொன்ன எல்லைகளுக்கு வருகிறேன். முழு அளவு மருந்து கொடுத்தும் தொடர்ந்து சில இரவுகள் தூங்க முடியாமல் தவித்தால், துண்டால் தாங்கிப் பிடித்தும் இரண்டு நாளாக நிற்க முடியாவிட்டால், ஆறாத படுக்கைப்புண் வந்தால், ஒரு வாரத்தில் கெட்ட நாள்கள் நல்ல நாள்களை மிஞ்சினால், காலம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள் என்பேன். சோதனையில் நரம்பு நோய் என்று தெரிந்தால், வலி அளவுகோலாகாது. உடல் சுத்தமும் நடமாட்டமுமே அளவுகோல். இவற்றோடு, நீங்கள் எழுதக் கூச்சப்பட்டிருக்கக் கூடிய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவனைத் தூக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. கணவர் ஊரில் இல்லை, மாமனாருக்கு வயதாகிறது, 38 கிலோவை நாளுக்கு நான்கைந்து முறை புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டியவர் நீங்கள் ஒருவரே. உங்கள் முதுகும் தூக்கமும் வேலையும் கணக்கில் வர வேண்டியவைதான். பராமரிக்க ஆள் இல்லாத வீட்டில், பெரிய நாயின் கடைசி நாள்கள் அதற்கே நரகமாகிவிடும்.

தாங்க முடியாமல் போகும்போது எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், காதில் வாங்காதீர்கள். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நடக்க முடியாத முதிய நாயைக் காப்பகத்தில் சேர்ப்பதும், புதிய முகங்களுக்கும் குரைப்புகளுக்கும் நடுவே அவனைத் தனியாகச் சாகவிடுவதாகவே முடியும்.

மாமனாரின் மறுப்பை நான் மதிக்கிறேன். உயிரைப் போக்க நமக்கு உரிமையில்லை என்ற எண்ணம் நம் மண்ணில் ஆழமானது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியில்லாமல் வேதனையில் கிடந்த ஒரு கன்றுக்கு மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு முடிவு தரச் செய்தார் காந்தி. கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தபோதும், அந்தச் செயல் அகிம்சைக்கு மாறானது அல்ல என்று தம் இதழ்களில் எழுதித் தம் நிலையில் உறுதியாக நின்றார். இதைச் சொல்லி மாமனாரை வாயடைக்க வேண்டாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மருந்து பலிக்கவில்லை என்பதை அவர் தம் காதால் கேட்பது, நீங்கள் வீட்டில் வந்து சொல்வதைவிட மேலானது. கணவரையும் அன்று கைபேசி வழியே பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவு குடும்பத்துடையதாக இருக்க வேண்டும்; நாளை யாரும் உங்களைத் தனியே நிறுத்திக் கேள்வி கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.

அந்த நாள் வந்தால் என்ன நடக்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்வது பயத்தைக் குறைக்கும். வீட்டுக்கே வர இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதலில் ஒரு மயக்க ஊசி போடுவார். சில நிமிடங்களில் சீசர் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். பிறகு முன்னங்காலின் இரத்தக்குழாயில் ஊசிக்குழாய் ஏற்றி, அதன் வழியாக மயக்க மருந்தை மிகுந்த அளவில் செலுத்துவார். நினைவு முற்றிலும் போய், மூச்சு நின்று, சிறிது நேரத்தில் இதயமும் நிற்கும். நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டு உறுதிசெய்வார். கண்கள் திறந்தபடியே இருக்கும், தசை துடிக்கலாம், ஓரிரு முறை மூச்சு விடுவதுபோல் மார்பு அசையலாம், சிறுநீரும் மலமும் வெளியேறலாம். இவை எதையும் அவன் உணர்வதில்லை. ஒன்றை மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்: இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் அல்லது மெக்னீசியம் உப்பு மருந்து எதையாவது பயன்படுத்துவதாக இருந்தால், ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போது மட்டுமே அதைச் செலுத்த வேண்டும். மயக்கமில்லாமல் செலுத்துவது கொடுமை. இதைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

புதைப்பதற்குச் சொந்த இடம் இருந்தால், கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் விலகி, நான்கடிக்குக் குறையாமல் தோண்டச் சொல்லுங்கள். உடலில் இருக்கும் மருந்து, அதைத் தோண்டித் தின்னும் தெருநாய்க்கோ பறவைக்கோ நஞ்சாகும் என்பதால் ஆழம் அவசியம். இடம் இல்லையென்றால் மாநகராட்சியில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். துக்கத்தில் இருக்கும்போது அந்த அலைச்சல் வேண்டாம்.

மகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று சொன்னால் அவள் காத்திருப்பாள். தூங்க வைத்துவிட்டோம் என்று சொன்னால் தானும் தூங்கப் பயப்படுவாள். சீசரின் கால்கள் இனிச் சரியாகாது, மருந்தும் வலியைக் குறைக்கவில்லை, அவன் வலியில்லாமல் சாவதற்கு மருத்துவர் உதவப்போகிறார் என்று இந்த வயதுக் குழந்தைக்கு நேராகச் சொல்லலாம். முடிவெடுக்கும் பொறுப்பை அவள்மேல் ஏற்றாதீர்கள். உடனிருக்க விரும்புகிறாளா என்று மட்டும் கேளுங்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஊசி தனக்கோ தாத்தாவுக்கோ போடுவார்களா என்று அவள் கேட்கக்கூடும். மனிதர்களுக்குச் சாதாரண ஊசி போடுவது குணமாக்கத்தான் என்று தெளிவாகப் பதில் சொல்லிவிடுங்கள், சிரித்து மழுப்பாதீர்கள்.

இந்த வாரத்துக்குள் இரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து நாள்காட்டிக் குறிப்புகளோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.